மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்

டில்லியில் ஒரு மந்திரியின் இலாகா மாறினால், சேலம் ஜில்லாவின் கீழ்க்கோடியிலுள்ள டீக்கடையில்கூட அன்று முழுவதும் அதே பேச்சுத்தான். ஆனால் அந்த டீக்கடை வாசலில் ஓடும் சாக்கடையை யார் வெட்டினார்கள், அதற்கு எவ்வளவு பணம் செலவாயிற்று, அந்தச் செலவுக்கு எந்தத் தேதியில் யார் யார் சம்மதம் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. விடை ஒரு புஸ்தகத்தில் இருக்கிறது. அதற்குத் தீர்மானப் புஸ்தகம் என்று பெயர். அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் அதுவே அதிகம்.

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் வரை சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பினால் கெங்கவல்லி வரும். கொல்லிமலையில் பிறந்து வரும் சுவேத நதி பாயும் பூமி. மரவள்ளியும் பாக்கும் விளையும் சீமை. இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கும் சர்க்கார் ஸ்தாபனங்கள் ஒன்றிரண்டல்ல. கெங்கவல்லி தாலுகா என்று ஒன்று. அதற்குத் தாசில்தார் அதிகாரி. கெங்கவல்லி ஊராட்சி ஒன்றியம் என்று மற்றொன்று. அது சுற்றுக் கிராமங்களுக்கானது. 2008-ஆம் வருஷத்துத் தொகுதிச் சீரமைப்பில் உண்டாகி, 2011-ஆம் வருஷத்தில் முதல் தேர்தலைக் கண்ட சட்டசபைத் தொகுதி ஒன்று. இவற்றுக்கெல்லாம் நடுவே, ஊருக்கென்றே உள்ள பேரூராட்சி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவுடன் நிற்பதும், பட்டா வேண்டி மற்றொருவர் பேரூராட்சிப் படியேறுவதும் இத்தகைய ஊர்களில் சகஜம். இருவரும் அலைந்து களைத்த பிறகுதான் வாசல் மாறியது தெரிகிறது.

பேரூராட்சி என்பது கிராமமுமல்லாத, பட்டணமுமல்லாத ஊருக்கு ஏற்பட்ட சபை. இந்த வட்டாரத்தில் மட்டும் கெங்கவல்லி, தம்மம்பட்டி, செந்தாரப்பட்டி, தெடாவூர், வீரகனூர் என்று ஐந்து பேரூராட்சிகள் இருக்கின்றன. 2022-ஆம் வருஷத் தேர்தலின்போது தமிழ்நாடு முழுவதிலும் 490 இருந்தன. வருஷ வருமானத்தைக் கொண்டு இவற்றை இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பரீட்சை போலத் தோன்றினாலும் இங்கே பார்க்கப்படும் மார்க்கு பண மார்க்கு ஒன்றுதான்.

இந்தச் சபை கூடி என்ன செய்கிறது? கூட்டத்துக்கு முன்னால் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் நிகழ்ச்சி நிரல் அனுப்பப்படுகிறது. கையில் எடுத்தால் தூக்கம் வரும்படியான காகிதம் அது. சென்ற மாத வரவு செலவு. பிளீச்சிங் பவுடர் கொள்முதல். தெரு விளக்குக்கு உதிரிச் சாமான்கள். குப்பை வண்டிக்கு டயர். கொசுப் புழு ஒழிக்கும் மஸ்தூர்களின் சம்பளம். கடை வாடகை பாக்கி. ஒவ்வொரு பொருளின் கீழும் ஆபீஸ் குறிப்பு ஒன்று இருக்கும். அதன் கடைசியில், “மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது” என்ற வாக்கியம் மங்களம் பாடுவது போல வந்து முடியும்.

இந்தக் காகிதத்தில் நேயர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அது “பின்னேற்பு” என்பது. காரியத்தை முன்னே செய்து முடித்துவிட்டு, சம்மதத்தைப் பின்னே வாங்கிக் கொள்வதற்கு அந்தப் பெயர். சித்திரை வெயிலில் குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோகிறது. அடுத்த கூட்டம் வரை காத்திருந்தால் ஊர் தவித்துப் போகும். ஆகவே செயல் அலுவலர் ஆளைக் கூப்பிட்டு மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்துவிடுகிறார். பிறகு, “அவசர அவசியம் கருதி” செய்த செலவுக்குப் பின்னேற்பு வேண்டும் என்று குறிப்பு வருகிறது. இதில் தவறு சொல்ல இடமில்லை. எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் ஒரே மோட்டார் ஒரே வருஷத்தில் மூன்று முறை அவசர அவசியமாகிவிட்டால், யாராவது ஒருவர் எழுந்து, “இதைத் தலைமுழுகிவிட்டுப் புது மோட்டார் வாங்கினால் என்ன ஆகும்?” என்று கேட்க வேண்டும். கேட்பதற்காகத்தான் அங்கத்தினர்களை அனுப்பியிருக்கிறோம். கேட்டால், கேள்வியும் பதிலும் புஸ்தகத்தில் ஏறுகின்றன. கேட்காவிட்டால், “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று ஏறுகிறது. ஏகமனது என்பது பல சமயங்களில் காப்பி ஆறிப்போகிறதே என்ற கவலையால் உண்டாகும் மனது.

வருஷந்தோறும் பங்குனிக்கு முன் வரும் ஏல சமாசாரம் இன்னும் சுவையானது. சந்தை வசூல், பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பிடம், ஆட்டுத்தொட்டி முதலியவற்றைப் பேரூராட்சிகள் பொதுவாக ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுக்கின்றன. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, வருஷம் முழுவதும் வசூல் செய்துகொள்கிறார். கீரைக் கூடைக்கு எவ்வளவு, தலைச்சுமைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று மன்றம் விகிதம் ஏற்படுத்தித் தருகிறது. அந்த விகிதத்தைச் சந்தை வாசலில் பலகையில் எழுதி வைத்திருந்தால், கீரைக்காரக் கிழவி எழுத்துத் தெரிந்த யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கொள்வாள். பலகை இல்லாவிட்டால், குத்தகைக்காரரின் ஆள் சொன்னதுதான் விகிதம். வீரகனூர்ச் சனிக்கிழமை மாட்டுச் சந்தை போன்ற பேர்போன சந்தைகள் உள்ள இந்தச் சீமையில், “பலகை வைக்கப்பட வேண்டும்” என்ற ஒற்றை வரித் தீர்மானம் எத்தனை ஏழைகளின் மடியைக் காப்பாற்றும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏலத்தொகை எவ்வளவு உயர்ந்தது என்று மட்டும் பார்க்கிற மன்றம் பாதிக் காரியத்தைத்தான் பார்க்கிறது. உயர்ந்த தொகை கடைசியில் யார் கூடையிலிருந்து வருகிறது என்பது மற்றப் பாதி.

மனைப்பிரிவு என்ற பொருள் வரும்போது அங்கத்தினர்கள் தூங்கவே கூடாது. மரவள்ளிக் காடு ஒன்று மனைகளாக மாறுகிறது. மூலைக்கு மூலை வர்ணக் கற்கள் நடப்படுகின்றன. 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 சதவிகித நிலத்தைப் பொது உபயோகத்துக்கென்று தானப் பத்திரம் எழுதி ஸ்தல ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த நிலம் குழந்தைகள் விளையாடும் பூங்காவாகலாம். கேட்பாரற்றுக் கிடந்து, பத்து வருஷத்தில் யாரோ ஒருவருடைய வைக்கோற்போர் நிற்கும் இடமாகவும் ஆகலாம். அதன் நீள அகலம் என்ன, நான்கு எல்லை என்ன, வேலி போட்டாயிற்றா என்பதைப் பதிவு செய்யும் இடம் அதே தூக்கம் வரும் காகிதந்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி, காலி மனை வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், வாடகை ஆகியவை சொந்த வருமானம். இது போதாது. மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் ஒரு பங்கு ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது; ஐந்தாவது மாநில நிதிக்குழுவின் காலமான 2017 முதல் 2022 வரை அது 10 சதவிகிதமாக இருந்தது. மத்திய நிதிக்குழுவின் மானியமும் உண்டு. ஆனால் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு சிறு நகரங்களுக்கு அளித்த மானியத்தில் 60 சதவிகிதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடலாம் என்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். முடிச்சு நல்ல காரியத்துக்குத்தான். ஆயினும் பையைக் கொடுத்தவரே அதன் வாயையும் பிடித்துக் கொண்டிருந்தால், “சபையின் அதிகாரம்” என்ற வார்த்தை சற்று இளைத்துப் போகிறது.

இதற்கு உதாரணம் தொலைவில் இல்லை. 2022-ஆம் வருஷம் மார்ச் மாதம் புதிய அங்கத்தினர்கள் பிரமாணம் எடுத்துக் கொண்டார்கள். அந்த மாதம் முடிந்த கையோடு வீட்டு வரி உயர்வு வந்து சேர்ந்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவிகிதம், அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவிகிதம். உயர்த்தியது மாநில சர்க்காரின் ஆணை. அதை ஏற்றுத் தீர்மானம் போட்டவை மன்றங்கள். பல வருஷங்களாக உயராத வரி ஒரு நாள் உயரத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தவர் மறு மாதமே வரிச் சீட்டுக்குச் சமாதானம் சொல்ல நேர்ந்ததை நினைத்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. 2016-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடக்க வேண்டியிருந்தது. அறிவிப்பு சரியில்லை என்று சென்னை ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. அம்மாதத்துடன் மன்றங்களின் ஆயுள் முடிந்தது. பிறகு வார்டு எல்லை, இட ஒதுக்கீடு என்று வழக்குமேல் வழக்கு. சேலம் ஜில்லாக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்துவிட்டது. ஆகவே கெங்கவல்லி ஒன்றியத்துக் கிராமங்களில் தலைவர்கள் பதவியேற்றார்கள். பக்கத்திலேயே இருக்கும் பேரூராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி வரையில் விமோசனமில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் மன்றத்தில் நாற்காலிகள் காலி. தனி அலுவலர் ஒருவரே மன்றம். அவரே குறிப்பைப் படித்து, அவரே தீர்மானித்து, அவரே கையெழுத்திட்டார்.

அதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. விளக்கு எரிந்தது, குப்பை அள்ளினார்கள், தண்ணீர் வந்தது. உண்மைதான். அந்த அலுவலர்களில் நேர்மையும் உழைப்பும் உள்ளவர்கள் பலர். நின்றுபோனது ஒன்றே ஒன்று: மோட்டார் ஏன் மூன்று முறை எரிந்தது என்று கேட்கும் குரல். அது நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஹர்த்தால் இல்லை, ஊர்வலம் இல்லை.

இதே சேலத்தில் ஒரு காலத்தில் இந்த நாற்காலிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது தெரியுமா? 1882-ஆம் வருஷத்தில் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். நிர்வாக மேம்பாட்டைவிட ஜனங்களின் அரசியல் கல்வியே அதில் முக்கியம் என்பது அவர் கருத்து. அவ்வருஷமே சேலம் முனிசிபாலிடியில் அங்கத்தினராயிருந்தவர் ஸி. விஜயராகவாச்சாரியார். சேலத்துக் கலகத்தில் அவரைச் சம்பந்தப்படுத்தித் தண்டித்தார்கள். ஹைகோர்ட்டில் விடுதலை பெற்றார். இதனிடையே மாகாண சர்க்கார் அவருடைய முனிசிபல் பதவியையும் பறித்துவிட்டது. வேறொருவராயிருந்தால், தலை தப்பியதே போதும் என்று இருந்திருப்பார். அவரோ, “என் அங்கத்தினர் பதவியைப் பறித்தது சட்ட விரோதம்” என்று இந்தியா மந்திரியின் மீதே வழக்குப் போட்டு, ஹைகோர்ட்டில் ஜயித்து, நஷ்ட ஈடும் வாங்கினார். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. அவரே பின்னால் 1920-ஆம் வருஷம் நாகபுரிக் காங்கிரஸில் தலைமை வகித்தார். 1917 முதல் 1919 வரையில் அதே முனிசிபாலிடியின் தலைவராக இருந்தவர் ராஜாஜி. ஆமதாபாத் நகரசபையில் படேலும், அலகாபாத்தில் நேருவும் குழாய்க்கும் குப்பைக்கும் கணக்குப் பார்த்தார்கள். சாம்ராஜ்யத்தை எதிர்த்தவர்களுக்குச் சாக்கடைக் கணக்கு அற்பமாகப் படவில்லை.

வகுப்பில் ராஷ்டிரபதியின் அதிகாரங்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளிடம், “உன் வீடு எந்த வார்டு?” என்று கேட்கிறேன். விழிக்கிறார்கள். பெற்றோரைக் கேட்டு வரச் சொன்னால், பாதிப் பேர் அப்போதும் விழித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஒரு பெண் மட்டும், “எங்கள் வார்டு மெம்பர் என் பெரியம்மாதான், ஸார், ஆனால் கூட்டத்துக்குப் பெரியப்பாதான் பேசச் சொல்லிக் கொடுப்பார்” என்றாள். 2016-ஆம் வருஷச் சட்டத் திருத்தத்தால் ஸ்தல ஸ்தாபன இடங்களில் பாதி ஸ்திரீகளுக்கு என்று ஆகியிருக்கிறது. பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. பெரியப்பா சொல்லிக் கொடுப்பதை நிறுத்தவும் ஒரு தேர்தலோ இரண்டு தேர்தலோ ஆகும். தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பது பெரியம்மாவுக்குத்தானே தெரியும்?

2022 நவம்பர் முதல் தேதியை ஸ்தல ஸ்தாபனங்களின் தினமாக வைத்து, கிராம சபையைப் போல நகரத்து வார்டுகளிலும் பகுதி சபைகளைக் கூட்டத் தொடங்கினார்கள். அங்கே யாரும் போய்ப் பேசலாம். பேசுவதற்கு முன் விவரம் தெரிய வேண்டுமானால், தகவல் உரிமைச் சட்டம் 2005-ஆம் வருஷம் முதல் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு காகிதத்தில், சென்ற ஆறு மாதத் தீர்மானங்களின் நகல் வேண்டும் என்று பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிப் போட வேண்டியது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நகலுக்குப் பக்கக் கணக்கில் சிறு தொகை கேட்பார்கள். வந்ததும், “பின்னேற்பு” என்ற வார்த்தை எத்தனை இடத்தில் வருகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு மோட்டார் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்.