கடலடிப் பவழச் சோலை

கரையில் நின்று நோக்குவார்க்குக் கடல் வெறும் நீர்ப்பரப்பாகவே தோன்றும். அதன் அடியிலோ கண்ணைக் கவரும் பவழச் சோலைகள் உள்ளன. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் அமைந்த 21 தீவுகளைச் சூழ்ந்து இத்தகைய பவழப் பார்கள் இருக்கின்றன.

முற்காலத்தில் இக்கடலில் முத்துக் குளித்தோர், கல்லின் துணையால் விரைந்து இறங்கி, மூச்சை அடக்கும் சிறு பொழுதிற்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறினர். நின்று நோக்க அவர்களுக்கு நேரம் ஏது? 1943ஆம் ஆண்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் பிரெஞ்சு நாட்டினர் இருவர் மூச்சுக் கருவி ஒன்றை அமைத்தனர். முதுகில் தாங்கிய உருளையில் அழுத்தி அடைத்த காற்றை, சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ப அது அளந்து தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்காகும். ஆகவே, மேலேறும்போது மூச்சை அடக்குதல் கூடாது. அடக்கினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து உயிருக்கே கேடு விளைக்கும்.

இக்கருவியுடன் மூழ்கும் ஆராய்ச்சியாளர், பாரின் வாழ்க்கையை அமைதியாக நோக்குகின்றனர். கல்லைப் போன்ற பவழம், எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடாகும். கிளியின் அலகு போன்ற வாயுடைய கிளிமீன்கள் பாரின்மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்கின்றன. உடன் விழுங்கிய கல்லை அரைத்து வெண்மணலாக வெளியிடுகின்றன. பாசி நீங்கிய இடத்தில் இளம்பவழம் பற்றி வளர்கிறது. பொந்துகளில் பெரிய களவா மீன் அசையாது காத்திருக்கும். இரை நெருங்கியதும் வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சி விழுங்கிவிடும். களவா இனங்கள் பலவற்றில் மீன்கள் முதலில் பெண்ணாக இருந்து, பெரியவை ஆன பின்னர்ச் சில ஆணாக மாறுகின்றன. எனவே, பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் ஆண்மீன்கள் குறைந்து, இனமே அருகிவிடும்.

பவழப் பார் மீன்களுக்கு வீடு. கரையூர்களுக்கோ அலை தடுக்கும் மதில். முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவழக் கற்களை வெட்டியெடுத்தனர், மதில் குலைந்தது. தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 1986ஆம் ஆண்டில் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும், வேறொரு பகையும் உண்டு. பவழத்தினுள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசி, கடல்நீர் சூடேறினால் வெளியேறிவிடும், பவழம் வெளுக்கும். வெப்பம் நீடித்தால் மடியும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இக்கேடு மன்னார் வளைகுடாவிலும் நேர்ந்தது.

ஒரு கை பட்டாலும் பவழத்தின் மெல்லுயிர்கள் சிதையும். ஆதலின், தொடாமல் கண்டு மீள்வதே கடலில் மூழ்குவோர் கற்கும் முதற்பாடம். கரையில் வாழ்வோரும் கற்க வேண்டிய பாடம் அதுவே.