பொதியைக் கட்டுவது யார்?

வியாபாரத்தில் விற்பது ஒரு பாதி. விற்ற பொருளை வாங்கியவர் கையிற் கொண்டுபோய்ச் சேர்ப்பது மறு பாதி. கடைத்தெருவில் இந்த மறு பாதி கண்ணுக்குத் தெரிவதில்லை. வாடிக்கையாளர் வருகிறார், தொட்டுப் பார்க்கிறார், காசைக் கொடுக்கிறார், தாமே தூக்கிக்கொண்டு போகிறார். இணையத்தில் கடை வைத்தவருக்கோ ஓடர் வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

இன்று அபாயா, ஸ்கார்ப், குழந்தை உடுப்பு, அலங்காரப் பொருட்கள் என்று முகநூல் மூலமும் வாட்ஸ்அப் மூலமும் வீட்டிலிருந்தே விற்கும் சகோதரிகள் எம்மிடையே பலர் உள்ளனர். ஆரம்பத்தில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று பொதிகள்தான். அடுப்பில் சோறு வேகும் நேரத்துக்குள் கட்டி முடித்துவிடலாம். அதுவே பத்தாகி இருபதாகும்போது முன்னறை முழுவதும் பெட்டிகள். பிள்ளைகளின் பாடம் பார்க்க நேரமில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் விலாசம் எழுதும் வேலை. இந்த நிலையில்தான் அந்தக் கேள்வி எழுகிறது: பொருளை வைத்திருந்து, எடுத்து, கட்டி, அனுப்பும் வேலையை நாமே செய்வதா? அல்லது கூலி கொடுத்து வெளியாரிடம் ஒப்படைப்பதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய பெரிய கம்பனிகளின் அனுபவங்கள் சிறிய வியாபாரிகளுக்கும் பாடமாக அமைகின்றன. அமெரிக்காவில் நடந்த மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

ஒப்படைத்தவர் கதை

டொய்ஸ் ஆர் அஸ் என்பது விளையாட்டுப் பொருட்கள் விற்பதில் பேர் போன கம்பனி. 1999ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் அதன் இணையக் கடைக்கு ஓடர்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. பொருள் இருந்தது. ஆனால் எடுத்துக் கட்டி அனுப்பும் ஏற்பாடு போதவில்லை. பண்டிகைக்கு முன் பொருள் வந்து சேராது என்ற செய்தி பல பெற்றோருக்குக் கடைசி நேரத்திலேயே கிடைத்தது. இவ்வாறு வாக்குத் தவறிய ஏழு இணைய வியாபாரிகள் மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. 2000 ஜூலையில் அவர்கள் எல்லோருமாக 15 இலட்சம் டொலர் தண்டப்பணம் செலுத்த நேர்ந்தது.

அடிபட்ட கம்பனி அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமேசனுடன் பத்து வருட உடன்படிக்கை செய்துகொண்டது. பொருளைத் தெரிவு செய்வதும் கொள்வனவு செய்வதும் டொய்ஸ் ஆர் அஸ். இணையக் கடையை நடத்துவது, களஞ்சியத்தில் வைப்பது, அனுப்புவது எல்லாம் அமேசன். தாமதம் என்ற நோய்க்கு மருந்து கிடைத்தது. ஆனால் வேறொரு நோய் தொற்றியது. அமேசன் தன் தளத்தில் ஏனையோரையும் விளையாட்டுப் பொருட்கள் விற்க அனுமதித்தது. இது உடன்படிக்கைக்கு மாறு என்று 2004இல் வழக்குத் தொடரப்பட்டது. 2006இல் தீர்ப்பு டொய்ஸ் ஆர் அஸ் பக்கம் வந்து உறவு முறிந்தது. வழக்கில் வென்றும் என்ன பயன்? வளர வேண்டிய ஆறு வருடங்கள், தன் இணையக் கடையைத் தானே நடத்தப் பழகாமலே கழிந்துவிட்டன.

கையில் எடுத்தவர் கதை

சப்போஸ் என்ற பாதணிக் கடை 1999இல் இணையத்தில் ஆரம்பமானது. முதலில் அதனிடம் களஞ்சியமே இருக்கவில்லை. ஓடர் வந்தால் பாதணிக் கம்பனிக்கு அறிவிக்கும். அவர்கள் நேரே வாடிக்கையாளருக்கு அனுப்புவார்கள். முதல் தேவையில்லாத வியாபாரம்தான். ஆனால் இருப்புக் கணக்கு பிறர் கையில் இருந்தபடியால், தளத்தில் இருப்பதாகக் காட்டிய சோடி உண்மையில் இல்லாமற் போவதுண்டு. காசு கொடுத்தவருக்கு ஏமாற்றம்.

பின்னர் சொந்தமாகச் சரக்கு வாங்கி, கென்டக்கி மாநிலத்தில் வேறொரு கம்பனியின் களஞ்சியத்தில் வைத்து அனுப்பச் செய்தது. அந்தக் கம்பனியால் அளவும் நிறமும் வெவ்வேறான ஆயிரக்கணக்கான பாதணிகளை ஒழுங்காகக் கையாள முடியவில்லை. முடிவில் சப்போஸ் அதே மாநிலத்தில் தனக்கென்று ஒரு களஞ்சியத்தை அமைத்தது. சரியான பொருளைச் சீக்கிரம் அனுப்புவதே தன் வியாபாரத்தின் உயிர் என்றும், அந்த உயிரைப் பிறர் கையிற் கொடுக்க முடியாது என்றும் அது கண்டுகொண்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சப்போஸ் தன் களஞ்சியத்தை யூ.பி.எஸ். என்ற பொதிச் சேவையின் பிரதான விமான நிலையத்துக்குக் கிட்டவே அமைத்தது. அதாவது வைப்பதும் எடுப்பதும் கட்டுவதும் தன் கையில். சுமந்து செல்வது மட்டும் பிறர் கையில்.

அகலக்கால் வைத்தவர் கதை

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்வதுதான் சரியா? அதற்கு வெப்வேன் பதில் சொல்கிறது. 1999இல் வீட்டுக்கு வீடு மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்த இந்தக் கம்பனி, களஞ்சியம், இயந்திரம், வாகனம், சாரதி அத்தனையும் சொந்தமாக வைத்தது. போதிய வாடிக்கையாளர் சேருமுன்பே களஞ்சியங்கள் கட்டுவதற்கு நூறு கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2001 ஜூலையில் கடையை மூடிவிட்டது. கட்டடத்தின் செலவு ஓடர் வந்தாலும் ஓடும், வராவிட்டாலும் ஓடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இந்த மூன்று கதைகளிலிருந்தும் ஒரு விடயம் தெளிவாகிறது. 'ஓடர் அனுப்புதல்' என்பது ஒரு வேலையல்ல. சரக்கைச் சேமித்தல், எடுத்துச் சரிபார்த்தல், கட்டுதல், சுமந்து செல்லல், காசு அறவிடல், திரும்பி வந்ததை ஏற்றல் என ஆறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடிவெடுக்கலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. அறை வாடகைக்கும் உதவிக்கு ஒருவரின் சம்பளத்துக்கும் மாதம் 60,000 ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பொதி ஒன்றுக்குப் பெட்டியும் பசைநாடாவும் 50 ரூபா. வெளியார் ஒருவர் பொதிக்கு 250 ரூபா கேட்கிறார். வித்தியாசம் 200 ரூபா. 60,000த்தை 200ஆல் வகுத்தால் 300. மாதம் 300 பொதிக்குக் குறைந்தால் வெளியார் மலிவு. கூடினால் சொந்த ஏற்பாடு மலிவு. கூரியர் கூலி இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

"நான் வீட்டில் சும்மாதானே கட்டுகிறேன், எனக்குச் செலவே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். பொதி ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்றால், நாளொன்றுக்கு 20 பொதிக்கு ஐந்து மணித்தியாலம். அது பிள்ளைகளின் நேரம், உறக்கத்தின் நேரம், புதிய வாடிக்கையாளரைத் தேடும் நேரம். விலை போடும்போது உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி வையுங்கள். இல்லையேல் இலாபம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் சொந்தக் கூலியாகவே இருக்கும்.

பெட்டியின் அளவையும் மறக்க வேண்டாம். பல சர்வதேச விரைவுப் பொதிச் சேவைகள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து ஒரு நிறையைக் கணிக்கின்றன. 40, 30, 30 அளவுள்ள பெட்டிக்கு 7.2 கிலோ வரும். உள்ளே இரண்டு கிலோ ஸ்கார்ப்தான் இருந்தாலும் 7.2 கிலோவுக்கே காசு. பெட்டியைச் சிறிதாக்கினாற் கூலியும் சிறிதாகும்.

அமானிதம் என்ற பொறுப்பு

ஃபிக்ஹில், பிறர் பொருளைக் கூலிக்கோ பிரதிநிதியாகவோ கையில் வைத்திருப்பவரின் நிலை விரிவாகப் பேசப்படுகிறது. பொதுவாகப் பிரதிநிதியின் கை அமானிதக் கை. அவர் கவனக்குறைவாகவோ எல்லை மீறியோ நடந்தாலன்றி நட்டத்துக்குப் பொறுப்பாவதில்லை. ஆகவே பொதி நனைந்தால், உடைந்தால், தொலைந்தால் யார் ஈடு கொடுப்பது, எவ்வளவு, எத்தனை நாளில் என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பொதியோடு சேர்ந்தே தொலைந்துவிடும்.

கையில் இல்லாத பொருளை விற்பது பற்றிய மார்க்கத் தடையும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். பிறர் சரக்கின் படத்தைக் காட்டி, காசை வாங்கிய பின் அதைத் தேடி ஓடும் முறையில் எவ்வளவு ஏமாற்றம் இருக்கிறது என்பதைச் சப்போஸின் ஆரம்ப அனுபவமே காட்டிவிட்டது. அவ்வாறு விற்பவர்கள், பிரதிநிதியாக நின்று தரகு பெறும் ஒழுங்கைப் பற்றி அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

எமது நாட்டில் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் முறை அதிகம். அங்கே கூரியர்காரர் உங்கள் பொருளை மட்டுமல்ல, உங்கள் பணத்தையும் சுமக்கிறார். எத்தனை நாளில் அது உங்கள் கணக்குக்கு வரும், வாங்க மறுத்த பொதிக்குத் திரும்பும் கூலி யாருடையது என்று கேளுங்கள். நாளொன்றுக்கு 30,000 ரூபா விற்று, பணம் பத்து நாள் தாமதித்தால், மூன்று இலட்சம் ரூபா எந்நேரமும் பிறர் கையில் நிற்கும். அந்தப் பணமில்லாமல் அடுத்த சரக்கு வாங்க முடியுமா?

எதை விடலாம், எதை விடக்கூடாது?

சுமந்து செல்வதைத் துணிந்து வெளியாரிடம் கொடுங்கள். ஊருக்கு ஊர் வாகனம் அனுப்புவது வீட்டு வியாபாரிக்கு ஏலாத காரியம். ஆனால் ஒரே கூரியரை மட்டும் நம்பியிராமல் இரண்டாவது ஒருவரையும் தெரிந்து வைத்திருங்கள். பெருநாள் நெருங்கும்போது எல்லா வியாபாரிகளும் அவரிடமே ஓடுவார்கள்.

சேமிப்பதையும் கட்டுவதையும் ஓடர் பெருகிய பின் கொடுக்கலாம். முழுச் சரக்கையும் ஒரேயடியாக ஒப்படைக்காமல், அளவு வித்தியாசமில்லாத ஒரு பொருளைக் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். அளவும் நிறமும் மாறும் உடுப்புகளையும் கையால் செய்த பொருட்களையும் உங்கள் கண் பார்த்தே அனுப்புவது நல்லது.

வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், முறைப்பாடு ஆகியவற்றை மட்டும் ஒருபோதும் கைவிட வேண்டாம். பொதி பிந்தினால் அந்தப் பெண் கூரியர் கம்பனியைத் திட்டமாட்டாள். "அவளிடம் வாங்கினேன், வரவில்லை" என்று உங்கள் பெயரைத்தான் சொல்வாள். வேலையைக் கூலிக்கு விடலாம், பெயரை விட முடியாது.