தெளிக்கிற பாசிக் கரைசல் எந்தக் கடலில் விளைஞ்சது?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அமலைச்செடி என்ன பாடு படுத்துதுன்னு நமக்குத் தெரியும். மானாவாரிக் காட்டில் சீமைக்கருவேலம் செஞ்சதும் தெரியும். அதே வேலையைக் கடலுக்குள்ளே செய்கிற ஒரு செடியும் இருக்கு. பெயர் கப்பாஃபைகஸ். ராமநாதபுரம் கடற்கரையில் 'பெப்சி பாசி'ன்னு சொன்னால்தான் புரியும்.

இயற்கை விவசாயிக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். வாழைக்கும் நெல்லுக்கும் நாம் வாங்கித் தெளிக்கிற கடற்பாசிக் கரைசலில் ஒரு பங்கு இந்தப் பாசியில் இருந்துதான் வருது. பச்சைப் பாசியைப் பிழிந்தால் சாம்பல்சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் நிறைந்த சாறு கிடைக்கும். சக்கையில் இருந்து ஐஸ்கிரீம், பற்பசைக்குப் போகிற கெட்டிப்பொருளை எடுக்கிறார்கள்.

இது நம்ம கடல் பாசி இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்தைச் சேர்ந்தது. 1990களில் மண்டபத்தில் சோதனை முறையில் வளர்த்தார்கள். 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் பரப்பியது. மூங்கில் மிதவையில் துண்டுகளைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. ஆயிரக்கணக்கான மீனவப் பெண்களுக்குக் கையில் காசு வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கேன்னா, இதுக்கு விதை வேண்டாம், ஒடிந்த துண்டே போதும். அலையில் பிய்ந்த துண்டுகள் மன்னார் வளைகுடாவுக்குள் போய்விட்டன. 2008ல் குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிறகு மண்டபம் பக்கத்துத் தீவுகள் சிலவற்றிலும் தெரிந்தது.

பவளம் உயிருள்ளது. அதன் சதைக்குள் இருக்கிற நுண்பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதுதான் அதற்கு முக்கியச் சாப்பாடு. மேலே பாசி மெத்தை மாதிரி மூடினால் வெயில் போச்சு. பவளம் பட்டினியில் சாகும். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பவளத்தின் இடுக்கில்தான் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும். பவளம் செத்து நொறுங்கினால் அந்த இடுக்கு இருக்காது. கலவா, விளைமீன், சிங்கி இறால் எல்லாவற்றுக்கும் வீடு போகும். ஓராவும் கிளிமீனும் பாசி தின்னும்தான். ஆனால் அவை மேய்கிற வேகத்தை விட இது வளர்கிற வேகம் அதிகம். வனத்துறை ஆட்களை வைத்துக் கையால் பிடுங்கியும் பார்த்தார்கள். விட்டுப்போன துண்டில் இருந்து மறுபடி தழைத்தது.

ஹவாய்த் தீவில் 1970களிலேயே இந்த வகைப் பாசிகளைக் கொண்டுவந்தார்கள். பல பத்தாண்டு கழித்துப் பம்பு வைத்து உறிஞ்சியும், கடல்முள்ளிகளை வளர்த்து மேயவிட்டும் பவளத்தை மீட்கப் பாடுபட்டார்கள்.

2005ல் தமிழக அரசு இந்தப் பாசி வளர்ப்பைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் அனுமதித்தது. தூத்துக்குடிக்குத் தெற்கேன்னா எது? தாமிரபரணி கலக்கிற புன்னைக்காயல், அதைத் தாண்டிக் காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு. முத்துக்குளித்த பார்கள் இருக்கிற கடல். ஆற்றின் தலைமாட்டில் நஞ்சு கலந்தால் கடைமடை கெடும்னு பேசுகிற நாம், கடைமடைக்கும் அப்பால் இருக்கிற கடலையும் கணக்கில் வைக்க வேண்டாமா?

பாசிக் கரைசலையே தொடாதீர்கள்னு சொல்லவில்லை. வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்க. எந்தப் பாசி? எந்தக் கடலில் விளைந்தது? பவளப்பாறைக்குப் பக்கமா? நம்ம கடலுக்கே உரிய கட்டக்கோரை, கஞ்சிப்பாசி போன்றவையும் உண்டு. ஆனால் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் அவற்றைப் பறிக்கத் தடை இருக்கு. அதனால் "நம்ம ஊர்ப் பாசி"ன்னு சொன்னாலும் எங்கே எடுத்ததுன்னு கேட்கத்தான் வேணும்.

வளர்ச்சி ஊக்கிதான் தேவைன்னா மீன் அமிலம் நம்ம கையிலேயே இருக்கு. மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை, மூடின வாளியில் மூன்று வாரம். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து தெளிக்கலாம். கழிவு புன்னைக்காயல் மீன் ஏலத்தில் இருந்தே கிடைக்கும். அந்த மீன் தொடர்ந்து கிடைக்கவும் பவளம் உயிரோடு இருக்கணும்.

வயலில் விஷம் வேண்டாம்னு முடிவெடுத்தவங்க நாம். நம்ம இடுபொருளால் கடலும் கெடக்கூடாது. அதுவும் இயற்கை விவசாயத்தில் சேர்ந்ததுதான்.