கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே – 9: சுவர்த்தாளுக்குள் திரும்பி வந்தவர்கள்

சென்ற வாரம் பார்த்த, தமிழ் எழுத்துகள் பொறித்த மணியைச் சமையல் பாத்திரமாக வைத்திருந்தவர்கள் நியூசிலாந்தின் வடக்கே வாழ்ந்த மாவோரி மக்கள். அதே வடபகுதியைச் சேர்ந்த ஙாப்புஹி குலத்தின் வழிவந்த கலைஞர் லீசா ரைஹானா. அவர் ஒரு பழைய சுவர்த்தாளை அசையும் படமாக்கிய கதை இந்த வாரம்.

அந்தச் சுவர்த்தாள் பிரான்சின் மாக்கோன் நகரில் ஜோசப் டுஃபூர் என்பவரின் பட்டறையில் 1804–05இல் தயாரானது. மரக்கட்டை அச்சில் இருபது நீளத் தாள்கள். வரிசையாக ஒட்டினால் ஒரு பெரிய அறையின் சுவர்களை நிறைத்துவிடும். ‘பசிபிக் பெருங்கடலின் காட்டுமிராண்டிகள்’ என்று பெயர் வைத்தார்கள். அதை வரைந்த ஓவியர் ஷார்வே பசிபிக் பக்கமே போனதில்லை. ஜேம்ஸ் குக் முதலிய மாலுமிகளின் பயண நூல்கள்தான் அவருக்கு ஆதாரம். தஹித்தி, ஹவாய், நியூசிலாந்து, வட அமெரிக்காவின் நூட்கா கரை என ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் வாழ்ந்த மக்களை ஒரே பூஞ்சோலையில் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாருக்கும் கிரேக்கச் சிலைகளின் உடல்வாகு, தோளில் வழியும் மெல்லிய ஆடை. ஹவாய்க் கரையில் 1779இல் குக் கொல்லப்பட்டதும் அதில் உண்டு. ஆனால் எங்கோ தொலைவில், தேடினால்தான் கண்ணில் படும். இதைக் காட்டித் தாய் தன் மகளுக்கு வரலாறும் புவியியலும் சொல்லித்தரலாம் என்று டுஃபூர் விளம்பரக் கையேட்டில் எழுதினார். வசதியான வீடுகளின் குழந்தைகள் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

பின்னாளில் அது அருங்காட்சியகங்களின் சொத்தானது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் 2005இல் ரைஹானா அதைப் பார்த்தார். அழகில் குறையில்லை. ஆனால் தன் மக்கள் என்று காட்டப்பட்ட எவரையும் அவரால் அடையாளம் காண முடியவில்லை.

ஏறத்தாழ பத்தாண்டு உழைப்புக்குப் பின், 2015இல் ஆக்லாந்து கலைக்கூடத்தில் ‘இன் பர்சூட் ஆஃப் வீனஸ், இன்ஃபெக்டட்’ (வெள்ளியைத் தேடி, நோய் தொற்றியது) என்ற அவருடைய படம் திரையேறியது. சூரியனின் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதை அளக்கத்தான் 1769இல் குக்கின் எண்டவர் கப்பல் தஹித்திக்குப் போனது. ஐரோப்பியக் கப்பல்களோடு அந்தத் தீவுகளுக்குப் பால்வினை நோயும் வந்து சேர்ந்தது. தலைப்பில் இரண்டும் இருக்கின்றன.

ரைஹானா சுவர்த்தாளைக் கிழித்தெறியவில்லை. அதன் மரங்களையும் மலைகளையும் கணினியில் மீட்டு வரைந்து, அகன்ற திரையில் மெல்ல நகரவிட்டார். ஷார்வே வரைந்த மனிதர்களை நீக்கிவிட்டு, மாவோரிகள், பசிபிக் தீவினர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் எனப் பலரை நடிக்கவைத்துப் படம்பிடித்து அந்த இடங்களில் நிறுத்தினார். அவர்கள் தங்கள் உடையில், தங்கள் உடம்போடு வருகிறார்கள். ஆடுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், துக்கம் காக்கிறார்கள்.

சவுக்கடிக் காட்சி ஒன்றும் வருகிறது. தஹித்தியில் உண்மையாகவே நடந்த ஒன்றை அது எனக்கு நினைவூட்டியது. ஒரு தலைவரின் மனைவியைக் கழுத்தறுத்துவிடுவேன் என்று மிரட்டினான் எண்டவர் கப்பலின் கசாப்புக்காரன். நீதி வழங்குவதைக் காட்ட, அந்த மக்கள் முன்னிலையிலேயே அவனுக்குச் சவுக்கடி கொடுக்கச் செய்தார் குக். முதல் அடிகள் விழுந்ததுமே பாதிக்கப்பட்டவர்கள் அழுது, நிறுத்தச் சொல்லி மன்றாடினார்கள். காட்டுமிராண்டிகள் என்று பெயரிடப்பட்டவர்கள் இவர்கள்தாம். கப்பல்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலேயே இது இருக்கிறது. சுவர்த்தாளுக்கு இந்தச் செய்தி தேவைப்படவில்லை.

குக்கின் கொலை இந்தப் படத்தில் தொலைவிலிருந்து முன்னுக்கு வருகிறது. இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. எனக்கோ சிறிய காட்சிகளே பெரிதாகப் படுகின்றன. பண்டமாற்று செய்யும் ஒருவர் எதிரே நிற்கும் வெள்ளையரை ஏற இறங்கப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. ரையாத்தேயாத் தீவின் குருவும் கடலோடியுமான துபாயா, எண்டவர் கப்பலில் சேர்ந்து நியூசிலாந்து வரை வந்தவர். இப்படத்திலும் ஒரு பாத்திரம். மாவோரி ஒருவர் பெரிய கல் இறாலைக் கொடுத்து ஆங்கிலேயரிடம் துணி வாங்குவதை அவர் வரைந்திருக்கிறார். அந்த ஓவியம் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஐரோப்பியர் மட்டுமா பார்த்து வரைந்தார்கள்? அவர்களையும் தீவினர் பார்த்தார்கள், எடைபோட்டார்கள், வரைந்தும் வைத்தார்கள்.

2017இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சிக்கு நியூசிலாந்து அனுப்பிய படைப்பு இதுதான். 32 நிமிடப் படம் 64 நிமிடமாக வளர்ந்திருந்தது. குக் ஒரு சுற்றில் ஆணாகவும் அடுத்த சுற்றில் பெண்ணாகவும் வருகிறார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் அகாதெமியின் ‘ஓஷியானியா’ கண்காட்சியில் இடம்பெற்றது. எண்டவர் புறப்பட்ட அதே 1768இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவில் தொடங்கிய நிறுவனம் அது. சுவர்த்தாள் எந்த வரவேற்பறைகளுக்காக அச்சடிக்கப்பட்டதோ, அந்த ஐரோப்பாவின் நடுவிலேயே படம் ஓடியது.

(தொடரும்)