110 நிமிட மருந்து

வாணியம்பாடியில் விடியற்காலை பஸ் ஏறி வேலூர் சிஎம்சிக்குப் போகிறவர்களில் சிலருக்கு முந்தின நாளே சொல்லியிருப்பார்கள்: 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, டீகூட வேண்டாம், வெறும் தண்ணீர் குடிக்கலாம். அவர்கள் 'பெட் ஸ்கேன்' எடுக்கப் போகிறவர்கள்.

ஊசியில் ஏற்றப்போவது ஒருவகைச் சர்க்கரை. அதில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோத்திருப்பார்கள். புற்றுநோய் செல்களில் பெரும்பாலானவை சர்க்கரையை மற்ற செல்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டுப் போனால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை இதற்குப் போட்டியாகிவிடும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அசைகிற தசையும் சர்க்கரை கேட்கும்.

ஃப்ளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் வெளிவருகிறது. எலெக்ட்ரானின் அதே எடை, மின்னேற்றம் மட்டும் நேர்மாறு. இப்படி ஒரு துகள் இருந்தாக வேண்டும் என்று 1931இல் பால் டிராக் கணக்கிலிருந்து சொன்னார். மறு வருடமே கார்ல் ஆண்டர்சன் விண்வெளிக் கதிர்களில் அதைக் கண்டார். இன்று அது நோயாளியின் உடம்புக்குள் பிறக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. பிறந்த இடத்திலிருந்து அது சராசரியாக ஒரு மில்லிமீட்டர்கூடப் போவதில்லை. ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. ஸ்கேன் வளையத்தில் இரண்டு படிகங்கள் ஒரே கணத்தில் மின்னினால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்தச் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்துக் கணினி படம் வரைகிறது.

படத்தில் ஒளிர்ந்தாலே புற்றுநோய் என்று பதறக்கூடாது. மூளை எப்போதும் ஒளிரும். காசநோய்க் கட்டியும் ஒளிரும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்துத்தான் உறுதிசெய்வார்கள்.

இந்த மருந்தைச் செய்து அலமாரியில் அடுக்க முடியாது. 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகிறது. சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரானதும் ஈயப் பெட்டியோடு வண்டி கிளம்பியாக வேண்டும். வாணியம்பாடிக்கே கொண்டுவருவதாக வைத்துக்கொண்டால், சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். வழியில் 4 மணி நேரம் ஆனால் வந்து சேர்வது கால் பங்குக்கும் குறைவு.

அந்த அவசரமே வீட்டில் நிம்மதியாகிறது. ஸ்கேன் முடிந்து ஊர் திரும்பியதும் பேரப்பிள்ளை ஓடிவரும். சில மணி நேரம் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்கச் சொல்லியிருப்பார்கள். மறுநாள் அதே நேரத்தில், ஏற்றிய கதிரியக்கத்தில் 8,000இல் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம்.