எழுதலும் எழுப்புதலும்

ஆங்கில வினைச்சொற்களுள் நம்மவரை மிகுதியும் தடுமாறச் செய்வன 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்னும் இரண்டுமாகும். தமிழ் கற்றார்க்கு இவை புதுமையல்ல. எழுதல் தன்வினை; எழுப்புதல் பிறவினை. வடபுலத்தில் வாழ்வோர் இந்தியில் கிர்னா, கிரானா என நாள்தோறும் கேட்பதும் இவ்வேறுபாடே: விழுதல், வீழ்த்துதல்.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய இணைகள் பல இருந்தன. இன்று எஞ்சியவை சிலவே.

வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், வீட்டுக்காரர் வாடகையை உயர்த்திவிட்டார் என்று மனு எழுதுகிறார். 'தி ரென்ட் ரோஸ்' என்று எழுதினாரானால், வாடகை தானே உயர்ந்ததாகப் பொருள்படும். உயர்த்தியவர் வாக்கியத்தினின்றும் மறைந்துவிடுகிறார், முறையீடும் வலுவிழக்கிறது. 'தி லேண்ட்லார்ட் ரெய்ஸ்ட் தி ரென்ட்' என்றால்தான் செய்தவர் இன்னார் என்பது விளங்கும்.

இதனினும் இடர் மிக்கது 'லை', 'லே' என்னும் இணை. முன்னது கிடத்தல், பின்னது கிடத்துதல், வைத்தல். ஆயின் 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே வரும்! ஆங்கிலேயரே இடறும் இடம் இது. கோப்பு நேற்று மேசைமேல் கிடந்தது எனின் 'தி ஃபைல் லே ஆன் தி டேபிள்'. குமாஸ்தா அதனை அங்கு வைத்தார் எனின் 'லெய்ட்'. பொய்யுரைத்தலாகிய 'லை' வேறு. அதன் இறந்தகாலம் 'லைட்'. கோப்பு கிடக்கிறது என்பதற்கு 'லையிங்' என்றே எழுதுக. 'லேயிங்' என்று எழுதினால், அக்கோப்பு கோழியைப் போல் முட்டையிடுகிறதோ என்று மேலதிகாரி ஐயுறக்கூடும்.