டப்பாவில் போட்ட வேகம் எங்கே போச்சு?

நம் ஹாஸ்டலில் இந்த வருடம் ஒரு புது வியாதி. ஒரு அறையில் நாலு பேர் காசு போட்டு வைஃபை ரவுட்டர் வாங்குகிறார்கள். பக்கத்து அறைக்காரர்கள் அதைவிடப் பெரிய எண் போட்ட டப்பாவாகப் பார்த்து வாங்குகிறார்கள். என் அறையில் உட்கார்ந்து போனில் தேடினால் பதினோரு பெயர் வரிசையாக வருகிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பாட வீடியோ ஓட மாட்டேன் என்கிறது! இப்போது நம் மாணவர் பேரவையும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஹாஸ்டல் முழுக்க வைஃபை போடலாமா என்று யோசிக்கிறது. கொடுக்கப்போவது நம் காசு. டப்பா மேல் இருக்கும் எண்ணுக்கும் எழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டே கொடுப்போமே.

இந்த முறையின் தரநிலைக்கு 802.11 என்று பெயர். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 1997-ல் வெளியிட்டது. நம் லேபில் இருக்கும் ஈதர்நெட் 802.3, இது அதே குடும்பத்துப் பிள்ளை. ஆரம்ப வேகம் விநாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட்தான். 1999-ல் இரட்டைக் குழந்தைகள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 மெகாபிட் தரும் 'பி', 5 கிகாஹெர்ட்ஸில் 54 தரும் 'ஏ'. 2003-ல் 'ஜி' வந்து அந்த 54-ஐ 2.4-லேயே கொடுத்தது. 2009-ல் 'என்', பல ஆன்டெனாக்களில் ஒரே நேரத்தில் தனித்தனி ஸ்ட்ரீம் அனுப்பி 600 வரை போனது. பிறகு 2013-ல் 'ஏசி', 2021-ல் 'ஏஎக்ஸ்'. இந்த எழுத்துக் குழப்பம் தாங்காமல் வைஃபை அலையன்ஸ் 2018-ல் சுலபமாக எண் வைத்தது. 'என்' என்றால் வைஃபை 4, 'ஏசி' 5, 'ஏஎக்ஸ்' 6. (வைஃபை என்பது வெறும் வியாபாரப் பெயர். 'வயர்லெஸ் ஃபிடிலிட்டி' என்று விரிவாக்கம் சொன்னால் வைவாவில் மார்க் விழலாம், ஆனால் அது சரியில்லை.)

சரி, வேகம் எங்கே போச்சு? முதலில் டப்பாக் கணக்கைப் பார்ப்போம். 'ஏசி 1200' என்று போட்டிருப்பார்கள். 2.4-ல் 300, 5-ல் 867, இரண்டையும் கூட்டி ரவுண்டு பண்ணினால் 1200! நம் போனோ ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அந்த 300-ம் சும்மா வருவதில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்குப் பதில் 40 எடுத்துக்கொண்டால்தான் வரும். 2.4-ல் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரவுட்டரே பாதியைச் சாப்பிட்டுவிட்டால் மற்ற பத்து எங்கே போகும்?

அடுத்தது இன்னும் முக்கியம். ஈதர்நெட் சுவிட்சில் ஆளுக்கொரு கம்பி. காற்றில் அப்படி இல்லை. ஒரு சேனலில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாய் மூட வேண்டும். பழைய ஈதர்நெட்டில் இரண்டு பேர் மோதிக்கொண்டால் கம்பியிலேயே தெரிந்துவிடும். ரேடியோவில் தன் சொந்த டிரான்ஸ்மிட்டர் போடும் சத்தத்தில் அடுத்தவன் குரல் கேட்காது. அதனால் மோதலைத் தவிர்க்கும் முறைதான் இங்கே: முதலில் கேள், காலியாக இருந்தால் கொஞ்சம் பொறு, குத்துமதிப்பாக ஒரு எண்ணிலிருந்து இறங்கு வரிசையில் எண்ணு, பிறகு அனுப்பு. வாங்கியவன் 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இன்னும் பெரிய எண்ணாக எடுத்து மறுபடி முதலிலிருந்து. இந்தக் காத்திருப்புக்கே பாதி நேரம் போய்விடும். 11 மெகாபிட் 'பி'-யில் கைக்குக் கிடைத்தது ஐந்தோ ஆறோதான். ஏஎக்ஸில் ஒரே சேனலைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் போனும் ஏஎக்ஸாக இருக்க வேண்டும்.

மெஸ்ஸில் ஒரே சாம்பார் கரண்டி என்று வையுங்கள். முன்னால் நிற்கிறவன் முருங்கைக்காய் தேடிக் கிண்டிக்கொண்டே இருந்தால் பின்னால் நிற்பவர் கதி? கடைசி அறைக்காரன் கதை அதுதான். சிக்னல் குறைந்தால் அவன் போன் 54-லிருந்து 1 மெகாபிட்டுக்குக்கூட இறங்கும். 1500 பைட் என்பது 12000 பிட். 54-ல் அனுப்ப சுமார் 222 மைக்ரோ விநாடி. 1-ல் அனுப்ப 12000 மைக்ரோ விநாடி! அவன் ஒரு பாக்கெட் அனுப்பும் நேரத்தில் நாம் ஐம்பதுக்கு மேல் அனுப்பியிருக்கலாம். ஆள் ஒருத்தன்தான், ஆனால் மாடி முழுக்க மந்தம்.

இனி சேனல். 2.4 அலைக்கற்றைக்கு இந்தியாவில் 2005-ல் லைசென்ஸ் தேவையில்லை என்று விதி வந்தது. அதில் 13 சேனல்கள். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் வேண்டியதோ சுமார் 20. ஆக ஒன்றோடொன்று உரசாமல் 1, 6, 11 என்று மூன்றைத்தான் வைக்க முடியும். யாரோ 3-ல் வைத்தால் 1-ல் இருப்பவனுக்கும் 6-ல் இருப்பவனுக்கும் வெறும் இரைச்சல். அதற்கு இரண்டு பேரும் ஒரே சேனலில் இருந்து முறை வைத்துப் பேசுவது எவ்வளவோ தேவலை! மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4-ல்தான் ஓடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 விதிக்குப் பிறகு நமக்கு இடம் தாராளம். ஆனால் சுவர் தாண்டினால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஆகவே பேரவைக்கு நான் சொல்வது இது. பெரிய எண் போட்ட ஒரே ரவுட்டர் வேண்டாம். மாடிக்கு மூன்று சாதாரண ஆக்சஸ் பாயிண்ட், கேபிள் இழுத்து, 2.4-ஐ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1, 6, 11 என்று பிரித்து. பவரைக் குறைத்து வைக்கணும், 1, 2 மெகாபிட் வேகங்களை செட்டிங்கிலேயே அணைத்துவிடணும். 5-ஐத் தாங்கும் போன்களை அந்தப் பக்கம் தள்ளணும். பாஸ்வேர்டு முறை டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 மட்டும்; பழைய டபிள்யூ.ஈ.பி. பூட்டு 2001-லேயே உடைந்தது. இதெல்லாம் செய்தபின் அறைக்கு அறை இருக்கும் ரவுட்டர்களை ஆஃப் செய்யச் சொல்லணும், அதற்குத்தான் வார்டன் சாரின் உதவி வேண்டும். கேபிள் வேலைக்கு இ.சி.இ. மூன்றாமாண்டு ரெடி. கிரிம்பிங் டூல் லேபில் இருக்கு, கனெக்டர் மட்டும் வாங்கிக் கொடுங்கள்.